சும்மா கிடக்கும் நிலத்துக்கு வாடகை

மானியம் என்றால் நம் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். உரத்துக்கு மானியம், சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம், பவர் டில்லருக்கு மானியம். எல்லாமே விளைவிப்பதற்குத் தரப்படுபவை. இதற்கு நேர்மாறாக, இந்த நிலத்தைப் பத்து வருடம் உழாதே, புல்லை வளரவிடு, அதற்கு நான் வாடகை தருகிறேன் என்று ஓர் அரசாங்கம் சொல்கிறது என்றால் வகுப்பு நம்புவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் முதன்முறை இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து "எங்க தாத்தா நிலம் சும்மாதான் டீச்சர் கிடக்கு, பணம் வருமா?" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

மண்ணரிப்பைத் தடுக்கும் வழிகளை நாம் வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். படிக்கட்டு முறை, சமஉயர வரப்பு, காற்றுத் தடுப்பு மரங்கள், புல் வளர்த்தல். மாணவர்களும் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிடுகிறார்கள். இந்த வழிகளுக்கு ஆகும் செலவு யாருடையது என்ற கேள்வி மட்டும் வகுப்பில் எழுவதில்லை. அதை எழுப்புவதற்கு எனக்குத் தெரிந்தவரை மிக நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்கா. தொண்ணூறு ஆண்டுக் கால அனுபவம் அங்கே இருக்கிறது. வென்றதும் இருக்கிறது, சொதப்பியதும் இருக்கிறது. புவியியல், வரலாறு, குடிமையியல், பொருளியல் நான்கையும் ஒரே நூலில் கோக்க முடிகிறது. மூன்று பாடவேளைகள் போதும்.

முதலில் கரும்பலகையில் ஒரு சிறு கணக்கு. சரிவான பத்து ஏக்கர் நிலம். உழுதால் செலவு போக ஆண்டுக்கு ஒரு தொகை கையில் நிற்கும். மழையில் மேல்மண் கரைந்து ஓடையில் சேர்கிறது, ஓடை ஏரியில் சேர்கிறது, ஏரி மேடாகிறது. ஏரியைத் தூர் வாரும் செலவு நிலக்காரர் கணக்கில் வராது. புல்லை வளர்த்து மண்ணைக் காத்தாலோ வருமான இழப்பு முழுவதும் அவர் தலையில் விழும். பலன் கீழே இருக்கிற ஊருக்குப் போகும். இதை மாணவர்களையே கணக்கிட வைத்தால், "அப்போ அவர் ஏன் டீச்சர் புல்லு வளர்க்கணும்?" என்று அவர்களே கேட்டுவிடுகிறார்கள். அரசுக்கு இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. உழக்கூடாது என்று சட்டம் போடலாம், அல்லது ஊருக்குக் கிடைக்கும் பலனுக்கு ஊர்ப் பணத்திலிருந்து விலை கொடுக்கலாம். அமெரிக்கா பெரும்பாலும் இரண்டாவது வழியில் போனது.

புழுதிப் புயலில் தொடங்கிய கதை

முதல் உலகப்போர்க் காலத்தில் கோதுமை விலை ஏறியது. கான்சஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்கள் சந்திக்கும் சமவெளியில், அதுவரை கலப்பை படாத புல்வெளி டிராக்டர்களால் கிழிக்கப்பட்டது. போர் முடிந்து விலை விழுந்ததும் உழவர்கள் உழுவதைக் குறைக்கவில்லை. அதே வருமானத்தை எட்ட இன்னும் அதிகமாக உழுதார்கள். 1930களின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல் வேர் இல்லை. 1934 மே மாதம் எழுந்த புழுதி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நியூயார்க்கையும் வாஷிங்டனையும் மூடியது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, சமவெளியில் பகலை இரவாக்கிய புயல் வந்தது. அந்த நாளைக் 'கருப்பு ஞாயிறு' என்றே இன்றும் குறிப்பிடுகிறார்கள். ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற மண்ணியல் அறிஞர் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தது அப்போதுதான் காதில் ஏறியது. அதே ஏப்ரல் 27இல் மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. அதன்வழி உருவான மண் பாதுகாப்புத் துறைக்குப் பென்னட்டே தலைவரானார்.

இந்தப் பகுதியைப் படங்களோடு சொன்னால் வகுப்பு அப்படியே கட்டுண்டுவிடும். ஆனால் அத்தோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் கருத்து. புயலைவிடப் பணம் போன வழிதான் இந்தப் பாடத்தின் உயிர்.

புழுதிச் சட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1933இல், வேறொரு காரணத்துக்காக உழவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். விளைச்சல் மிகுந்து விலை படுத்துக் கிடந்தது. பருத்தி, கோதுமை, சோளம், புகையிலை போன்ற பயிர்களின் பரப்பைக் குறைத்தால் தொகை என்று வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் சொன்னது. பணத்துக்கு ஆலைகள் மீது வரி. 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. வேளாண்மையைக் கட்டுப்படுத்துவது மாநிலங்களின் உரிமை, மத்திய அரசு வரி போட்டு அதில் நுழையக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். இரண்டே மாதங்களுக்குள் புதிய சட்டம் வந்தது. இம்முறை பரப்பைக் குறை என்று சொல்லவில்லை. மண்ணைத் தேய்க்கும் பயிரிலிருந்து மண்ணைக் காக்கும் பயிருக்கு மாறினால் பணம் என்றார்கள். மண்ணைத் தேய்க்கும் பயிர்கள் எவை என்று பார்த்தால், பருத்தி, கோதுமை, சோளம், புகையிலை! தேவைக்கு மேல் விளைந்த அதே பயிர்கள்தான். மத்திய, மாநில அதிகாரப் பகிர்வு பாடத்தை நடத்தும்போது இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. மண்ணைக் காக்கும் கட்டணமும் விலையைத் தாங்கும் கட்டணமும் இப்படி ஒட்டிப் பிறந்த இரட்டையர்கள். இன்றுவரை அவர்களைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

உழுதவருக்கு என்ன கிடைத்தது?

எங்கள் பகுதி மானாவாரிப் பகுதி. வகுப்பில் பாதிப் பேரின் குடும்பங்கள் பிறர் நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுபவை. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, வாய்வார்த்தைதான். பட்டா உள்ளவர்களுக்கு மட்டுமே வரும் உதவித்தொகைகள் எவை என்று அந்தப் பிள்ளைகளுக்குத் துல்லியமாகத் தெரியும். அதனால் நான் எதிர்பார்க்காத வேகத்தில் அந்தக் கேள்வி வந்தது. முன்வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, "நிலத்துக்காரங்களுக்குப் பணம் வந்துச்சு, சரி. உழுதுகிட்டு இருந்தவங்க அந்தப் பத்து வருஷம் எங்க போனாங்க டீச்சர்?" என்றாள்.

இதற்கு விடை அமெரிக்க வரலாற்றில் இருக்கிறது. இனிமையான விடை அல்ல. தெற்கு மாநிலங்களில் பருத்தியை விளைவித்தவர்களில் பெரும்பகுதி வாரத்துக்கு உழுபவர்கள். கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையர்களும் அதில் அடக்கம். 1933 சட்டத்தின் கீழ் பருத்திப் பரப்பைக் குறைத்ததற்கான தொகை நிலக்காரர் கைக்குப் போனது. அதில் வாரதாரருக்கு ஒரு பங்கு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. பலர் தரவில்லை. பழைய கடனுக்குக் கழித்துக்கொண்டார்கள். பரப்பு குறைந்தால் உழ ஆள் எதற்கு என்று குடும்பங்களையே வெளியேற்றியவர்களும் உண்டு. கிடைத்த பணத்தில் டிராக்டர் வாங்கியதும் மிச்சமிருந்த ஆட்களும் தேவைப்படவில்லை. 1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலத்தின் டைரோன்சா என்ற சிற்றூரில் தெற்கு வாரதாரர் சங்கம் தொடங்கப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்தது அந்தக் காலத்தில், அந்த இடத்தில், சாதாரணச் செயல் அல்ல. வேளாண் துறைக்குள்ளேயே ஜெரோம் ஃபிராங்க் என்ற சட்ட அதிகாரியும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒப்பந்தத்தை வாரதாரருக்குச் சாதகமாகப் பொருள்கொள்ள முயன்றார்கள். 1935 பிப்ரவரியில் அவர்களே பதவி நீக்கப்பட்டார்கள்.

மண்ணைக் காப்பாற்றும் பணம், அந்த மண்ணில் உழைத்தவரை ஊரைவிட்டுத் துரத்தவும் முடியும். இதைச் சொல்லாமல் நடத்தினால் பாடம் பாதிதான். அந்த மாணவியின் கேள்வியை நான் கரும்பலகையின் மூலையில் எழுதி, மூன்று பாடவேளை முடியும்வரை அழிக்காமல் வைத்திருந்தேன். ஒவ்வொரு திட்டம் வரும்போதும் அந்த மூலையைக் காட்டினால் போதும்.

1956இல் ஐசனோவர் ஆட்சியில் 'மண் வங்கி' என்று ஒரு திட்டம் வந்தது. முழுப் பண்ணையையும் கொண்டுவந்து ஒப்படைக்கலாம் என்றிருந்ததால், சில ஊர்களில் உழவர்கள் மொத்தமாக நிலத்தை ஒதுக்கிவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். விதைக் கடை, பட்டறை, தானியக் கிடங்கு எல்லாம் வியாபாரம் இழந்தன. பிறகு 1970களில் ஏற்றுமதிக்குத் தேவை பெருகியது. வேளாண் அமைச்சர் ஏர்ல் பட்ஸ் எல்லை வேலி வரை உழச் சொன்னார். வங்கியில் போட்ட மண் திரும்ப எடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இன்று இருக்கும் திட்டம்

இப்போது நடப்பில் இருப்பது 1985 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்த கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம், சுருக்கமாக சி.ஆர்.பி. பழைய தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டவர்கள் வடிவமைத்தது என்பது அதன் விதிகளைப் படித்தாலே தெரியும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் என்ன பட்டறிவு இருந்திருக்கும் என்று ஊகிக்கச் சொல்வதுதான் என் இரண்டாவது பாடவேளை.

நிலக்காரர் தானாக முன்வந்து நிலத்தைக் காட்டி, ஏக்கருக்கு இவ்வளவு வாடகை கொடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மண்ணுக்கும் அந்த மாவட்டத்துக்கும் உச்சவரம்பு உண்டு. வந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பறவை, விலங்குகளுக்கு எவ்வளவு பயன், நீர் எவ்வளவு தூய்மையாகும், மண்ணரிப்பு எவ்வளவு குறையும், காற்றுக்கு என்ன நன்மை, ஒப்பந்தம் முடிந்த பின்னும் பயன் நிலைக்குமா, செலவு எவ்வளவு என்று ஆறு தலைப்புகள். வாடகையைக் குறைத்துக் கேட்பவருக்கு மதிப்பெண் கூடும். தேர்வானால் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். ஆண்டுதோறும் வாடகை, அதோடு புல்லோ மரமோ நடும் செலவில் பாதி வரை அரசு ஏற்கும். நடுவில் ஒப்பந்தத்தை முறித்தால் அதுவரை வாங்கிய வாடகையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், தண்டமும் உண்டு.

பயிர்நிலமாகச் சேர்க்க வேண்டுமானால், குறிப்பிட்ட 6 ஆண்டுகளில் குறைந்தது 4 ஆண்டுகள் அதில் பயிர் செய்திருக்க வேண்டும். தாத்தாவின் நிலத்துக்குப் பணம் கேட்ட மாணவனுக்கு இங்கே பதில் கிடைத்துவிட்டது. ஏற்கெனவே சும்மா கிடக்கும் நிலத்துக்கு ஏன் தரமாட்டார்கள் என்று அவனிடமே கேட்டேன். "அது தராட்டியும் சும்மாதானே டீச்சர் கிடக்கும்" என்றான். பொருளியல் நூல்கள் இந்தக் கருத்தை விளக்கப் பல பக்கங்கள் எடுத்துக்கொள்கின்றன.

ஒரு மாவட்டத்தின் பயிர்நிலத்தில் கால் பங்குக்கு மேல் பொதுவாகச் சேர்க்கக் கூடாது. ஏன்? விதைக் கடையையும் பட்டறையையும் நினைவுபடுத்தினால் மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் வாடகை கிடையாது. பறவைகள் முட்டையிடும் பருவத்தில் புல்லை வெட்டக் கூடாது. கடும் வறட்சி வந்தால், 2012இல் நடந்தது போல, மாடு மேய்க்கவும் வைக்கோலுக்கு அறுக்கவும் அனுமதி தருவார்கள். 1985 சட்டத்திலேயே ஒரு பிரம்பும் உண்டு. எளிதில் அரிக்கும் நிலத்தைப் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் புதிதாக உழுதால், அல்லது சதுப்பு நிலத்தை வடித்துப் பயிரிட்டால், மற்ற வேளாண் மானியங்களும் நின்றுபோகும்.

மூலையில் எழுதி வைத்த கேள்விக்கு என்ன பதில்? குத்தகைதாரருக்கு உரிமை உள்ள நிலத்தைத் திட்டத்தில் சேர்க்கும்போது அவருக்கும் பங்குபெற வாய்ப்பளிக்க வேண்டும், திட்டத்துக்காக அவரை வெளியேற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. 1930களோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம். ஆனால் குத்தகைக்கு நிலம் தேடும் இளம் உழவருக்கு இந்த விதி உதவாது. அவருக்கு எதிராகக் குத்தகை கேட்பவர் அரசாங்கமே. காலக்கெடு தவறாமல் வாடகை தரும் அரசோடு யார் போட்டியிட முடியும்? இந்தக் குறையைச் சரிசெய்ய 2008இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒப்பந்தம் முடியும் நிலத்தை, ஓய்வுபெறும் உழவர் ஒரு புதிய உழவருக்கு விற்றாலோ நீண்ட குத்தகைக்கு விட்டாலோ கூடுதலாக இரண்டு ஆண்டு வாடகை. 2018இல் பொது விண்ணப்பங்களுக்கான வாடகையை மாவட்டச் சராசரியில் 85 விழுக்காடாகவும் குறைத்தார்கள். குறைத்ததும் என்ன ஆயிற்று? விண்ணப்பிக்க ஆர்வம் குறைந்தது. கயிற்றின் இரு முனைகளும் இழுக்கின்றன.

கூடியதும் குறைந்ததும்

2007இல் இத்திட்டத்தில் இருந்த நிலம் சுமார் 3.68 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 3.2 கோடி ஏக்கர். வரைபடத்தில் நம் மாநிலத்தைக் காட்டி, இதைவிடப் பெரிய பரப்பில் உழவை நிறுத்திப் புல் வளர்த்தார்கள் என்றால் அளவு மனத்தில் பதியும். மண்ணரிப்பு குறைந்தது, வடக்குச் சமவெளிகளில் காட்டு வாத்துகள் பெருகின, ஓடைகளில் வண்டல் சேர்வது குறைந்தது.

அதன்பின் இறங்குமுகம். பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்று 2005, 2007 ஆண்டுகளின் எரிசக்திச் சட்டங்கள் விதித்தன. மக்காச்சோளத்துக்கு விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் புதுப்பிக்கவில்லை, புல்லை உழுதார்கள். ஒரு கையால் புல்லுக்கு வாடகை, மறு கையால் புல்லை உழத் தூண்டும் சட்டம். நாடாளுமன்றமும் செலவைக் குறைக்க 2014 சட்டத்தில் உச்சவரம்பை 2.4 கோடி ஏக்கராக்கியது; 2018இல் 2.7 கோடிக்கு உயர்த்தியது. பதினைந்து ஆண்டுகள் வாடகை கொடுத்துச் சேர்த்த மண்வளம் ஓரிரு போகத்தில் கரையத் தொடங்கலாம் என்பதே இத்திட்டத்தின் மீது நான் வைக்கும் பெரிய குறை. வாடகை என்பது வாடகைதான், விலைக்கு வாங்கியது ஆகாது. அதனால்தான் முழு வயலைவிட ஓடைக் கரையோரப் புல்பட்டைகளுக்கும் மரப்பட்டைகளுக்கும் இப்போது அதிக அழுத்தம் தருகிறார்கள். கொஞ்ச நிலம், நிறையப் பயன். மீதி வயலில் உழவு தொடரும், உழுபவரும் இருப்பார்.

நேரம் இருந்தால் சீனாவையும் தொட்டுக் காட்டலாம். 1998இல் யாங்சி ஆற்றின் பெருவெள்ளத்துக்குப் பின், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலங்களில் உழவை நிறுத்தி மரமோ புல்லோ வளர்க்க 1999இல் திட்டம் தொடங்கினார்கள். தொடக்க ஆண்டுகளில் உழவருக்குக் கொடுத்தது முக்கியமாகத் தானியம். யாங்சிப் பகுதியில் ஹெக்டேருக்கு 2,250 கிலோ, மஞ்சள் ஆற்றுப் பகுதியில் 1,500 கிலோ. சீனாவில் நிலம் தனியார் உடைமை அல்ல; உழும் குடும்பத்துக்குப் பயன்பாட்டு உரிமை. ஆகவே கட்டணம் உழுத குடும்பத்துக்கே போனது. அதே வேளையில், சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் சுதந்திரம் பல இடங்களில் உழவருக்கு இருக்கவில்லை. எது மேல் என்று வகுப்பில் விவாதம் வைத்தேன். மணி அடித்தும் முடியவில்லை.

மூன்றாவது பாடவேளைக்கு ஒரு செயல்பாடு. பழைய நாட்காட்டி அட்டையில் எட்டு நிலங்களை எழுதிக்கொள்ளுங்கள். சரிவு எவ்வளவு, ஓடை எவ்வளவு தூரம், உழுவது யார், கேட்கும் வாடகை என்ன என்ற நான்கு விவரங்கள் போதும். வகுப்பை எட்டுக் குழுக்களாக்கி ஆளுக்கு ஓர் அட்டை. ஐந்து மாணவர்கள் அரசு அலுவலர்கள். அவர்களிடம் எட்டில் மூன்று நிலத்துக்கு மட்டுமே பணம் இருக்க வேண்டும். மதிப்பெண் தலைப்புகளை அலுவலர்களே முடிவுசெய்து கரும்பலகையில் எழுதட்டும். குழுக்கள் வாடகையை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஓடைக்கரை நிலத்துக்காரர்கள் தங்களை விட்டால் ஆளில்லை என்று வாடகையை ஏற்றுவதையும், மேட்டு நிலத்துக்காரர்கள் இறக்குவதையும் பார்க்கலாம்.

எங்கள் வகுப்பில் அலுவலர்களாக இருந்தவர்கள் ஆறு தலைப்புகளோடு நிறுத்தவில்லை. ஏழாவதாக, 'உழுதவருக்குப் பங்கு உண்டா?' என்று ஒன்றைச் சேர்த்து அதற்கு 20 மதிப்பெண் வைத்தார்கள். இரண்டு நிலக்காரக் குழுக்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அலுவலர்கள் அசையவில்லை. ஒரு குழு வாடகையில் மூன்றில் ஒரு பங்கைக் குத்தகைதாரருக்கு எழுதிக் கொடுத்துத் தேர்வானது. மற்றொரு குழு, எங்கள் நிலத்தை நாங்களே உழுகிறோம், எங்களுக்கு எதற்கு அந்த 20 கிடைக்காமல் போக வேண்டும் என்று மேல்முறையீடு செய்தது. அதன்மீது தீர்ப்பு அடுத்த வாரம்.